ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

எங்கள் கோயிலில் கொடியேற்றத்தன்று குடிகளின் பெயர்களை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். குடி தாய்வழி வருவது. அம்மா எந்தக் குடியோ, பிள்ளையும் அந்தக் குடி. நடுவில் மூச்செடுத்தால், அடுத்து வரும் குடியை வெட்டி ஒதுக்கியதாகக் கொள்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, வாசித்தவர் மூன்றாவது பெயருக்குப் பிறகு இருமிவிட்டார். நாலாம் குடியார் அந்த வருடம் தேர்வடத்தைத் தொடவில்லை.

அப்போது ஏழு குடிகள்தான். ஏழும் முடிந்து, கொஞ்சம் ஓய்ந்து, "மற்றும் ஊரவர்கள்" என்பார்கள். அந்த 'மற்றும்' நாங்கள். வயல் வட்டைகளில் களைபிடுங்கவும் அறுவடைக்கும் கூலிக்குப் போகிறவர்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, கோயில் கூட்டங்களுக்குப் பத்து வருடம் நடந்து எங்கள் குடியை எட்டாவதாகச் சேர்ப்பித்தார். நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் சொன்னாராம்: "உங்கட மருமகன் கம்பஸ் போறவன்தானே. அவனே வாசிக்கட்டும்."

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். மாமா அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார். நானும்தான்.

கொடியேற்றத்துக்கு மூன்று கிழமை இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பட்டங்கள். ஐந்தாவதிலேயே குரல் கம்மியது. மூச்சுப் பயிற்சியைப் போனில் பார்த்துப் பழகினேன். பாயில் மல்லாந்து வயிற்றில் தடித்த புத்தகத்தை வைத்து, நெஞ்சு அசையாமல் புத்தகம் மட்டும் எழும்ப மூச்சை இழுத்தேன். பிறகு "ஸ்..." என்று பல்லிடுக்கால் சீராக விட்டேன்.

"படிச்சதெல்லாம் வயித்துக்கு மேலதான் நிக்குதா மனே? உள்ளுக்குப் போகல்லியா?" என்றார் அம்மா.

நிரப்புவது சுலபம். செலவழிப்பதில்தான் எல்லாம் இருந்தது. முதல் பெயரை உரக்கச் சொன்னால் கடைசிக்கு எதுவும் மிஞ்சாது. அம்மா எதிரே இருந்து விரல்விட்டு எண்ணுவார். எட்டாவது விரலில், "வந்திட்டம்" என்று கையை மடியில் வைத்துக்கொள்வார். கடைசிக் கிழமை தினமும் வந்து சேர்ந்தோம்.

கொடியேற்றத்தன்று கையில் தந்த தாளில், முதல் இரண்டு குடிகளுக்குப் புதிதாகப் பட்டங்கள் பேனையால் எழுதிச் சேர்த்திருந்தன. ஏன் என்று கேட்க நேரமில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன்.

மூன்றாவது பெயரிலேயே தெரிந்துவிட்டது, எட்டுக்குப் போய்ச் சேராது. பழகியவனுக்கு மூச்சு முடியப்போவது முன்கூட்டியே தெரியும். அங்கேயே எடுத்திருக்கலாம். ஐந்துக்குப் பிறகு எடுத்திருக்கலாம். அடுத்து வரும் குடியார் எதிரே சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றார்கள். நான் அதே மூச்சை நீட்டிக்கொண்டு போனேன். ஏழாவது பெயரின் கடைசி எழுத்து வெறும் காற்றாக வந்தது. மூச்செடுத்தேன். ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் வாவிக்கரை வரை கேட்டிருக்கும். பிறகு எங்கள் குடியைச் சொன்னேன், தெளிவாக, நிறைந்த மூச்சோடு. அன்று வேறெந்தப் பெயரையும் அவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை.

பெண்கள் பக்கம் அம்மாவின் கைகள் ஏழு விரலோடு நின்றிருந்தன.

வண்ணக்கர் என் தோளைத் தட்டினார். "நல்லா வாசிச்சாய் தம்பி. இடம் பாத்துத்தான் மூச்செடுத்திருக்காய்."

பக்கத்தில் நின்ற மாமா அதைக் கேட்டார். என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

வீட்டில் அம்மா தேத்தண்ணி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏலாமப் போயிட்டாக்கும், என்ன மனே?"

"ஓம்" என்றேன்.

ஏலாமல் போனது உண்மை. எங்கே ஏலாமல் போவது என்று தீர்மானித்தது நான். அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த வருடம் வாசித்தவர் வேறொருவர். அவருடைய மூச்சுக்கு எட்டுப் பெயரையும் இரண்டு தரம் சொல்லியிருக்கலாம். ஏழாவது முடிந்ததும் நிறுத்தி, ஆறுதலாக மூச்செடுத்து, எங்களை வாசித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் முறை என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.