சொட்டு நின்ற கீசர்

வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுவாள் என்பதால் ஏஜென்சியில் அவளுக்குக் ‘கடுகு’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக, எழுந்து நடமாட முடியாதவர்களைக் குளிப்பாட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. மூன்று வீடுகளில் சண்டை போட்டு வெளியேறியிருக்கிறாள். ஒரு வீட்டிலும் அவள் கையில் இருந்தவருக்குப் படுக்கைப் புண் வந்ததில்லை. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள்.

இந்த வீட்டுப் பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் உட்கார்ந்து குளிக்கும் நாற்காலிக்கு நேர் மேலே, போன மாதம்தான் பத்து லிட்டர் கீசர் ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

அன்று காலை அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அண்ணாந்து பார்த்தாள். கீசரின் சிவப்பு விளக்கு எரிகிறது. தண்ணீர் சூடாகும்போதெல்லாம் அடியில் இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுமே, அந்தச் சொட்டைக் காணவில்லை. உற்றுப் பார்த்தால், வால்வின் வாயில் டேப் சுற்றிய ஸ்க்ரூ ஒன்று இறுக்கியிருந்தது.

ஸ்விட்சை அணைத்துவிட்டு, நாற்காலியைக் கூடத்துக்கே இழுத்து வந்துவிட்டாள்.

“தம்பி! கீசர் வாயை எவன் அடைச்சது?”

பெரியவரின் மகன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். “மச்சான்தான் அக்கா. ஞாயித்துக்கிழமை வந்தப்ப சரி பண்ணிக் கொடுத்தான். சொட்டு நின்னுடுச்சில்ல?”

“நின்னுடுச்சு. உங்கப்பா மூச்சும் நிக்கட்டும்னு விட்டுட்டீங்களா?”

“காலங்காத்தால என்ன பேச்சுக்கா இது!”

“மூடின டாங்க்ல தண்ணி சூடானா பெருகும். அது வெளிய போக அந்த வால்வு ஒண்ணுதான் வழி. சூட்டை நிறுத்தற தெர்மோஸ்டாட் ஒருநாள் மக்கர் பண்ணிச்சுன்னா டாங்கே வெடிக்கும். கீழ உக்காந்திருக்கிறது எழுந்து ஓட முடியாத மனுஷன்.”

“பத்து லிட்டர் டப்பாக்கா. அது என்ன வெடிகுண்டா?”

“மச்சானும் மாமனுமா சேர்ந்து அப்படித்தான் ஆக்கி வெச்சிருக்கீங்க. பிளம்பர் வந்து பாக்கற வரைக்கும் இவர் அந்த ரூமுக்குள்ள வரமாட்டார்.”

“உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சண்டை! ஏஜென்சியில வேற ஆளை அனுப்பச் சொல்றேன்.” அவள் முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

அடுப்பில் தண்ணீர் வைத்து, கூடத்திலேயே பெரியவருக்கு உடம்பு துடைத்துவிட்டாள் கடுகு. துண்டைப் பிழிந்த பிழியில் அது கிழியாததுதான் மிச்சம். வேலை போனால் போகட்டும். நாளைக்கு வருகிறவள் எதுவும் தெரியாமல் இவரைக் கொண்டுபோய் அதன் கீழ் உட்கார வைப்பாளே!

கீசர் மேல் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து, அதை மாட்டிய பிளம்பரை அவளே கூப்பிட்டாள். அவர் வந்து வால்வின் லீவரைத் தூக்கினார். ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுத் தூக்கியதும் தண்ணீர் பீறிட்டது.

“யாருங்க இந்தப் புத்திசாலி?”

ஆபீசுக்குப் போகாமல் நின்றிருந்த மகன் முகம் வெளுத்துப்போய் மச்சானுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எல்லோருக்கும் கேட்டது. “உங்க வீட்டு அக்காதானே மாமா தினம் கத்துச்சு? தரையில சொட்டுது, பெரியவர் வழுக்கி விழுவார், நிறுத்துங்கன்னு? அதான் நிறுத்தினேன்.”

உண்மைதான். மூன்று வாரமாக ‘நிறுத்துங்க’ என்று கத்தியவள், ‘வடிகாலுக்குத் திருப்பி விடுங்க’ என்று ஒருநாளும் சொல்லவில்லை. தன் மேலேயே வந்த ஆத்திரத்தோடு கடுகு பிளம்பர் பக்கம் திரும்பினாள்.

“என் தப்பை நான் ஒத்துக்கறேன். மாட்டின அன்னிக்கே வால்வுலேர்ந்து வடிகாலுக்கு டியூப் போடாம போனீங்களே, அது யார் தப்பு?”

“அன்னிக்கு டியூப் தீர்ந்துபோச்சும்மா. அப்புறம் வர்றேன்னு சொன்னேன்.”

“எப்ப? அடுத்த ஜென்மத்துலயா?”

பிளம்பர் பையிலிருந்து டியூபை எடுத்துப் பொருத்தினார். எங்கும் மேலே ஏறாமல், மடங்காமல், சுவரோடு இறங்குகிறதா என்று அவள் விரலால் தடவிப் பார்த்தாள். முனை தண்ணீரில் முங்காமல், வடிகாலுக்கு ஒரு சாண் மேலே, சொட்டுவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திறந்திருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று வேலை வாங்கினாள். குளிக்கிற நாற்காலியையும் எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தினாள்.

மகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். “அக்கா, வேற ஆள் வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“சொல்லுங்க, சொல்லாம போங்க. நான் என்ன சாசுவதமா?” மருந்து டப்பாக்களில் நேரம் குறிக்கும் மார்க்கரை எடுத்துவந்து, டியூபுக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: இது சொட்டும். அடைக்காதே.

“ஐயோ அக்கா, புது டைல்ஸ்!”

“தெரியும். அழிச்சுப் பாருங்க, அப்ப இருக்கு.”