சித்திர ரீச்சரின் பல்லுக் கம்பி

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் காலைப் படகில், ஒரு பெரிய அலை எங்களைத் தூக்கிப் போட்டபோது சித்திர ரீச்சர் வாயைத் திறந்து "ஐயோ" என்றார். வெயிலில் அவருடைய பற்களில் ஏதோ மின்னியது. சட்டென்று சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். பார்த்தவன் சும்மா இருந்திருந்தால் இன்று இதை எழுதவேண்டிய தேவையே வந்திராது.

நாங்கள் இருவரும் நெடுந்தீவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம்; அவர் சித்திரப் பாடம். எனக்கு இருபத்தேழு வயது, முதல் நியமனம். அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை, கரம்பொனில் தாயோடு இருந்தார். தகப்பன் இல்லாத அந்த வீட்டைக் கனடாவிலிருந்த தமையன் தொலைபேசியிலேயே ஆண்டுகொண்டிருந்தார். ரீச்சரின் முன்பற்கள் வெளியே தள்ளி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். சிரிப்பு வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். யாழ்ப்பாணத்தில் ஒரு பல் டொக்டர், இடம் போதாது என்று மேலும் கீழுமாக நாலு நல்ல பற்களைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டியிருந்தார். அதைப் பல மாதங்களாகத் தலைப்பால் பொத்தியே ரீச்சர் மறைத்துவந்திருக்கிறார். பிடுங்கிய இடத்துக்கு மற்றப் பற்கள் மெல்ல நகர்ந்துவர இரண்டு வருடம் எடுக்குமாம். மாதத்துக்கு ஒருமுறை போய் இறுக்கவேண்டும். இறுக்கிய கிழமை முழுக்கப் பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவார்.

படகில் வரும் ஆசிரியர்களுக்குப் பட்டம் தெளித்து ஆளையாள் பகிடி பண்ணுவதுதான் பொழுதுபோக்கு. புதுச் சேலை, புது மோட்டார்சைக்கிள், தலைக்குப் பூசிய மை, ஒன்றும் எங்களிடம் தப்பாது. அதில் நான் பெரிய விண்ணன். இன்ஜின் சத்தத்தில் ரகசியம் பேச ஏலாது, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதென்றாலும் கத்தவேண்டும். நான் கத்தினேன்.

"ரீச்சருக்குச் சுவிசிலை மாப்பிள்ளை சரிவந்திட்டுதாம். பல்லை நேராக்கினால்தான் தாலி எண்டு சொல்லிப்போட்டாராம்!"

படகே சிரித்தது. ரீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அந்த மாப்பிள்ளைக்கு வழுக்கைத் தலை கொடுத்தேன். அதற்கடுத்த நாள், அவர் ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டிக் கைவிட்டவர் என்றேன். அதற்குத்தான் ஆகக் கூடுதலான சிரிப்பு. உண்மையைச் சொன்னால், அந்த மூன்று நாளும் எனக்கு நல்ல சந்தோஷமான நாட்கள்.

கல்யாணமாகாத ஒருத்தி நாற்பது வயதில் பல்லுக் கட்டினால், அதற்குப் பின்னால் ஒரு ஆண் இருந்தே ஆகவேண்டும் என்பதில் எங்கள் ஊர்களில் யாருக்கும் சந்தேகமில்லை. என் பகிடி படகிலிருந்து இறங்கி, பஸ் ஏறிக் கரம்பொனுக்குப் போனது. அங்கிருந்து யாரோ ஒருவர் தமையனுக்குப் போன் எடுத்து, தங்கச்சிக்குச் சம்பந்தம் சரிவந்ததாமே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று குறைப்பட்டிருக்கிறார். தமையனுக்குத் தலை வெடித்தது. யார் அவன், என்ன ஆக்கள், எத்தனை நாள் பழக்கம் என்று தாயைப் போட்டு உலுக்கினாராம். ஒருத்தரும் இல்லை என்று ரீச்சர் கோயில்மேல் சத்தியம் பண்ணியும் எடுபடவில்லை.

"ஒருத்தரும் இல்லையெண்டால் இந்த வயசிலை உனக்கென்னத்துக்குப் பல்லுக் கம்பி? கழட்டு. கழட்டினால் நம்புறன்."

தாய் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் ரீச்சர் டொக்டரிடம் போனார். இடையில் கழற்றினால் பிடுங்கிய இடங்கள் அப்படியே நிற்கும் என்று டொக்டர் எவ்வளவோ சொன்னாராம். கழற்றினார். நாலு இடைவெளிகளும் பாதி மூடி, பாதி திறந்து நின்றன. பேசும்போது காற்று விசிலடித்தது. பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் அதைப் பழிப்புக் காட்டினார்கள்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் ரீச்சர்தான். ஒருநாள் துறையில் படகுக்கு நின்றபோது, கிட்ட வந்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"தம்பி, அந்தக் கதையை நீர்தான் தொடக்கினனீராம். உண்மையோ?"

"பகிடிக்குச் சொன்னனான் ரீச்சர்."

"ஓம், பகிடியெண்டு எனக்கு விளங்கினது. வீட்டிலைதான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை" என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் யாரோ ஒருத்தியின் கதையைப்போலச் சொல்லி முடித்தார்.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்டது வேறு.

"அப்ப உண்மையா என்னத்துக்கு ரீச்சர் கட்டினனீங்கள்?"

"ஆசையா இருந்தது தம்பி. வேறை ஒண்டுமில்லை."

அந்தப் பதில் என்னைத் திருத்தியது என்று எழுத எனக்கும் விருப்பம்தான். அடுத்த கிழமை படகில் ஒருவர், ரீச்சரின் கம்பியைக் காணவில்லையே, மாப்பிள்ளை என்ன மாதிரி என்று கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரீச்சரும் பார்த்தார். "சம்பந்தம் குழம்பிட்டுதாம்" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு ரீச்சர் என்னோடு பேசும் வழக்கத்தை விட்டுவிட்டார். இரண்டு வருடத்தில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எனக்கு நாற்பத்தைந்து. சென்ற மாதம் அதே பாதைப் படகில் ஒரு ஆசிரியை வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பியில் நீல நிற ரப்பர் போட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தார். ஒருவரும் மாப்பிள்ளையை விசாரிக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண், எந்த டொக்டர் என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த டொக்டரிடமே போய் விசாரித்தேன். பிறகு, ஓய்வு பெற்றுக் கரம்பொனில் தனியே இருக்கும் சித்திர ரீச்சரின் இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் போன் எடுத்தேன்.

"ரீச்சர், இப்ப அறுபது வயசிலையும் கட்டலாமாம். நான் கேட்டனான். நீங்கள் ஓமெண்டால் நானே கூட்டிக்கொண்டு போறன்."

ரீச்சர் சிரித்தார். விசில் இல்லாத, தெளிவான சிரிப்பு.

"கட்டுறதுக்குப் பல்லு இருக்கவேணுமெல்லே தம்பி. எல்லாம் அந்த இடைவெளிக்குள்ளை சரிஞ்சு ஆடத் தொடங்கிட்டுது. போன வருசம் முழுக்கப் பிடுங்கிப்போட்டுப் பொய்ப்பல்லு வைச்சனான். இப்ப நல்ல வரிசை. ஒருக்கா வந்து பாருமன்."

வருகிறேன் என்றேன். என் வீட்டிலிருந்து கரம்பொனுக்கு மோட்டார்சைக்கிளில் இருபது நிமிடம். இன்னும் போகவில்லை.