கர்த்தருக்கு எடுத்த அரிசி

அறுபதுகளில் தாராவியில் எங்களுக்கு ரேஷன் அரிசிதான். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடியைக் கோயில் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போடுவாள். ஒரு சனிக்கிழமை, கணவருக்கு வேலை போன பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க அரிசி கேட்டு வந்தாள். எங்கள் டின் காலி. நான் பானையைக் காட்டினேன்.

"அது கர்த்தருக்கு எடுத்து வச்சதுல்லா, தொடப்பிடாது" என்றாள் அம்மா. வந்தவளும் எங்களைப்போல் கோயிலுக்குப் போகும் வேதக்காரிதான்; "சரிக்கா" என்று போய்விட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் காணிக்கை அரிசியை வழக்கம்போல ஏலம் விட்டார்கள். தோல் கிடங்கு முதலாளி எடுத்தார். ஏழைக்கு இரங்கச் சொன்ன பிரசங்கத்தை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்தான்.

"வீட்டுச் சமையலுக்கா, அண்ணாச்சி?" என்று அம்மா பெருமையோடு கேட்டாள்.

"இல்லம்மா, கோழிக்குப் போடத்தான்" என்றார்.