பர்வீனின் மூன்று ஜோடி

செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து பத்து. ஆம்பூர் மாலை நேரப் படிப்பு மையத்தில் அப்போது பதினேழு பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா அன்று வரவில்லை. அவருடைய தம்பி அலைபேசியில் அழைத்து, "சார், அக்கா போய்ட்டாங்க" என்றார். "மையத்துக்கா? இன்னும் வரலையே" என்றேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் புரிந்தது. மாரடைப்பு. வயது முப்பத்தெட்டு.

இரண்டு வாரமாக நெஞ்சு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஈ.சி.ஜி. எடுங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். "கேஸு தம்பி, சோடா குடிச்சா போய்டும். பசங்களுக்குக் காலாண்டுப் பரீட்சை முடியட்டும், போறேன்" என்றார். பரீட்சை இன்னும் தொடங்கவே இல்லை. இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இப்போது இருப்பது கோபம்தான்.

அவரை அறிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. காலணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பிறகு குழந்தைகளுக்கான ஆலோசகர் படிப்பில் சேர்ந்தவன். அதற்கான ஆறு மாதப் பயிற்சிக்குத்தான் மையத்துக்கு வந்தேன். ஸ்டெல்லா அக்கா ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தைத்துவிட்டு, வேலையை விட்டு இந்த மையத்தை நடத்த வந்தவர். நான் படிவங்களோடு வந்தேன். அவர் படிவங்களின் பின்பக்கத்தில் பிள்ளைகளைப் படம் வரையவிட்டார். முதல் சண்டை அதில்தான் தொடங்கியது.

முதல் வாரம் முகங்கள் வரைந்த அட்டை ஒன்றைக் கொண்டுபோனேன். மகிழ்ச்சி, கோபம், பயம், சோகம் எனப் பிள்ளைகள் தங்கள் மனநிலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சார், இதுல பசிக்கிற மூஞ்சி எது?" என்றான். ஸ்டெல்லா அக்கா சிரித்த சிரிப்பில் கேரம் போர்டில் இருந்த காய்கள் கலைந்தன. அவர் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டம் அது. கலைந்ததற்கு என்னைத்தான் காரணம் சொன்னார்.

ஏழாம் வகுப்பு பர்வீன் தினமும் மகிழ்ச்சியைத்தான் தொட்டாள். "பிரச்சினை எதுவும் இல்லை" என்று பதிவேட்டில் எழுதினேன். அக்கா அதைப் படித்துவிட்டு, "மூஞ்சியப் பாக்காத தம்பி, வெரலப் பாரு" என்றார். பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடுகள். நுனியில் ஊசி குத்திய புள்ளிகள்.

இங்கே பல வீடுகளில் பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எடுத்துப் போவார். தாய் ஒருத்தியால் முடியாதபோது பிள்ளையும் ஊசி எடுக்கும். பர்வீனின் பங்கு நாளுக்கு மூன்று ஜோடி.

பிள்ளைகளை வேலை வாங்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். மறுநாளே கழுத்தில் அடையாள அட்டையும் கையில் படிவமுமாக அவள் வீட்டுக்குப் போய், "உங்க பொண்ணு வீட்ல ஷூ தைக்கிறாளா?" என்று அவள் அம்மா ஜமீலாவிடம் கேட்டேன். வாசலில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவர்தான் ஏஜென்ட் என்பது எனக்குத் தெரியவில்லை. அவர் என் அட்டையைப் பார்த்தார். மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வீட்டுக்கு வேலை நின்றது. பர்வீன் மையத்துக்கு வருவதும் நின்றது.

"உன்ன யாரு போவச் சொன்னது? நான் வெரலப் பாக்கத்தான சொன்னேன்?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்தினார் அக்கா. பிறகு ஏஜென்டை அழைத்தார். "அது டிரெய்னிங்குக்கு வந்த புள்ள பாய். ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேஜார் ஆவாதீங்க" என்றார். நான் ஒன்றும் இல்லாதவன் என்பதை அவர் அத்தனை உறுதியாகச் சொன்னது அன்று எனக்கு வலித்தது. மூட்டை திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் பர்வீனும் வந்தாள்.

எப்படி என்று பிறகுதான் தெரிந்தது. மையம் மூடியதும் அக்கா ஜமீலா வீட்டுக்குப் போய், பர்வீனின் மூன்று ஜோடியைத் தானே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடியாத நாளில் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். எனக்குத் தாங்கவில்லை.

"இது தீர்வே இல்லக்கா. புள்ள செய்ற வேலைய நீங்க செய்றீங்க. வேலை அப்படியேதான இருக்கு?"

"இருக்கு. புள்ள இங்க இருக்குதா இல்லியா?"

"எத்தனை வீட்டுக்குத் தைப்பீங்க?"

"முடிஞ்ச வூட்டுக்கு. நீ இன்னா, ஜில்லாவுக்கே என்னத் தைக்கச் சொல்றியா?"

என் வாதம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தச் சரியான வாதத்தால் ஒரு பிள்ளையும் மையத்துக்குத் திரும்பி வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதற்கடுத்த நாட்களில் வேலைப் பேச்சைத் தவிர அவரிடம் வேறு எதுவும் பேசவில்லை. பேச நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை அக்காவின் வீட்டில், சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜமீலா என்னைக் கையசைத்து அழைத்தார். கண் வீங்கியிருந்தது. "தம்பி, இப்போ கேக்கறது தப்புதான். என் மூணு ஜோடி அவங்க பையில இருக்கு. நாளைக்கு ஏஜென்ட் வருவாரு." உள்ளே போய்ப் பையைத் திறந்தேன். இரண்டு ஜோடி முடிந்திருந்தது. மூன்றாவதில் பாதித் தையலில் ஊசி நின்றது. எடுத்துவந்து கொடுத்தேன்.

"பர்வீன் எங்கக்கா?"

"வூட்ல. மீதியத் தைக்கச் சொல்லிட்டு வந்தேன்."

"ஸ்கூலுக்கு?"

"இன்னிக்குப் போவல." ஜோடிகளை மடியில் அடுக்கிக்கொண்டே, "இனிமே யாரு தம்பி வந்து தைப்பாங்க?" என்றார்.

ஜெபக் கூட்டத்தில் அக்காவைத் தியாகி என்றார்கள். பேசியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் கேரமில் ஏமாற்றுவார். பிள்ளைகளைவிட அதிகமாகக் கத்துவார். எனக்கு ஒரு நாளும் மரியாதை தந்ததில்லை. தியாகி என்று சொல்லிவிட்டால் அது நம்மால் ஆகாத வேலை என்று ஆகிவிடும். அது மூன்று ஜோடி. தெரிந்த கைக்கு இரண்டு மணி நேரம். உங்களில் பாதிப் பேர் கம்பெனியில் தைத்தவர்கள்.

பாதித் தையலில் நின்ற அவருடைய ஊசியை ஜமீலா அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நினைவுப் பொருளாக அல்ல. இனி நான் செய்யப்போவது இவை:

1. மையம் மூடியதும் ஜமீலா அக்கா வீட்டில் உட்கார்ந்து தைப்பேன். நேற்று தொடங்கினேன். தையலின் அளவையெல்லாம் பரீட்சையில் எழுதித் தேறியவன்தான். ஒரே ஒரு ஜோடி முடித்தேன். ஜமீலா அக்கா அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

2. ஏஜென்டைப் பார்த்துப் பேசுவேன், அட்டை இல்லாமல். வேலை பிள்ளைகளின் கைக்குப் போகாமலிருக்க வழி கேட்பேன். இதைக் கேட்டால் அக்கா சிரித்திருப்பார். சிரிக்கட்டும்.

3. என் பயிற்சி அறிக்கையில் பர்வீன் வீட்டில் நான் செய்ததை என் பெயரிலேயே எழுதுவேன். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

4. நேற்று பர்வீன் என் பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் தையலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "குடுங்க சார், நீங்க பண்ணா விடிஞ்சிடும்" என்று கையை நீட்டினாள். இன்றும் நீட்டுவாள். கொடுக்க மாட்டேன்.