அரைப்படி

நானும் என் தோழியும் சில வருஷங்கள் படிகளோடுதான் வாழ்ந்தோம். குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஒன்றிரண்டு வரிசையாக மட்டும் நுழையும்படி மிகக் குறுகிய இடுக்கு ஒன்றைச் செய்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கினால், மின்கடத்தல் ஒரே சீராக ஏறாது, படிப்படியாக ஏறும். வெளியூர் ஆய்வகத்தில் அவள் அந்த இடுக்குகளைச் செய்து, காந்தப் புலத்தில் வைத்து அளப்பாள். பெரம்பலூர் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்து, நான் அதையே கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

போன வருஷம் போன் செய்து, "அரைப்படி வருதுடி" என்றாள். இரண்டு படிகளுக்கு நடுவே ஒரு பாதிப் படி. அரைப்படியா என்று நான் கேட்டது காதில் விழுந்து, யார் வீட்டில் அரிசி அளக்கிறார்கள் என்றார் அம்மா. என் வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை. காந்தப் புலத்தில் எலக்ட்ரான்களின் இருவகை ஸ்பின்னும், அதாவது சுழற்சியும், பிரிந்து தனித்தனியாகப் படியேறியிருக்கலாம் இல்லையா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. அதெல்லாம் கணக்கில் இருக்கிறது, நீ உன் சாம்பிளைப் பார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

அவள் அந்தச் சாம்பிளைக் கழித்துவிட்டுப் புதிதாகச் செய்தாள். அதிலும் அரைப்படி. மறுபடியும் செய்தாள். கடைசியில், நுணுக்கமான வேலைக்குத் தன் கை லாயக்கில்லை என்று முடிவுகட்டி, ஆய்வையே விட்டுவிட்டு அரியலூருக்கு வந்துவிட்டாள்.

சென்ற வாரம் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அந்தக் கணக்கின் புரோகிராமைத் திறந்தேன். கடைசி வரியில் 'பெருக்கல் இரண்டு' உட்கார்ந்திருந்தது. காந்தம் இல்லாதபோது இருவகை ஸ்பின் எலக்ட்ரான்களும் சேர்ந்தே படியேறும் என்பதால், ஒன்றைக் கணக்கிட்டு இரண்டால் பெருக்கியிருந்தேன். காந்தப் புலத்தைச் சேர்த்தபோது அதை எடுக்க மறந்திருக்கிறேன். இரட்டித்துக்கொண்டே போகும் கணக்கில் அரைப்படி எந்தக் காலத்திலும் வராது. இரண்டு ஸ்பின்னையும் தனித்தனியாக ஓட்டினேன். அவள் சொன்ன இடத்திலேயே அரைப்படி வந்தது.

போனில் சொன்னால் கோழைத்தனம் என்று பட்டது. அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, போனே தேவலை என்றும் பட்டது. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. இன்னும் மெதுவாகப் போனால் நல்லது என்றிருந்தது எனக்கு.

அவள் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். தப்பு என்னுடையது, உன் சாம்பிள்கள் எல்லாம் சரியானவை என்றேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பழைய வரைபடத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இவ்ளோ நாளா இந்தக் கையத்தானடி திட்டிக்கிட்டு இருந்தேன்."