சிகரெட் மட்டையின் தடிப்பு

அந்த ஆண்டு நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் முதலாம் இடம் என்னுடையது. வீட்டில் ஆங்கில அச்சைத் தடங்கலின்றி வாசிக்கக்கூடியவன் நான் ஒருவனே. இதை மறுப்பவர் அன்றும் இருக்கவில்லை.

போர்க்காலத் தடையால் பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது நின்றிருந்த காலம். கிணற்று நீர் இறைக்கும் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சூடேறும்வரை மட்டும் சிறிது பெற்றோல் வேண்டும். எங்கள் ஊரில் அவற்றை அப்படி ஓடப் பழக்கியவர் என் மாமா. தீப்பொறிக்கு நேரம் குறிக்கும் பொயின்ற் முனைகளின் இடைவெளியை, சிகரெட் பெட்டி மட்டைத் துண்டொன்றை நுழைத்தே அவர் அளப்பார். எனக்கு அது அவமானமாக இருந்தது. எங்கள் இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் சரியான இடைவெளி அச்சிடப்பட்டிருந்தது. அளவுத் தகடும் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. ஒரு மாலை, எவரும் பாராதபோது மூடியைக் கழற்றி, மாமா வைத்ததைப் புத்தகப்படி அகட்டித் திருத்தினேன்.

மறுநாள் எங்கள் இறைப்பு முறை. பங்குக் கிணறு அது. நண்பகலோடு முறை மற்றப் பங்குக்காரருக்குப் போய்விடும். பிறகு நான்கு நாள் பொறுக்கவேண்டும். அம்மாவின் வெங்காயம் ஏற்கெனவே தாள் மடிந்து கிடந்தது. பங்குக்காரர் வரம்பில் குந்தியிருந்து வெயிலை அளந்துகொண்டிருந்தார்.

மாமா மருந்துப் போத்தலிலிருந்து பெற்றோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தார். முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது. நான் நிமிர்ந்து நின்றேன். அவர் மண்ணெண்ணெய்க்குத் திருப்பினார். உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம்; இயந்திரம் நின்றுவிட்டது. மீண்டும் ஊற்றினார். மீண்டும் அதே. மூன்றாம் முறைக்குப் பின் போத்தலின் அடியில் ஒரு விரற்கடைகூட இல்லை.

"என்ன காணும், மிசின் உம்மோடை கோவமோ? நான் என்ரை குழாயைப் பூட்டட்டோ?" என்றார் பங்குக்காரர்.

"பொறும். இன்னும் நேரம் கிடக்கு," என்றார் மாமா.

"அண்ணை, இண்டைக்கு விட்டால் வெங்காயம் தப்பாது," என்றார் அம்மா.

மாமா மூடியைக் கழற்றி நெடுநேரம் உள்ளே பார்த்தார். திருகாணியில் புதிதாக விழுந்திருந்த கீறலை விரலால் தடவினார். என்னைப் பார்க்கவில்லை. மட்டைத் துண்டை நுழைத்து, முனைகளை நெருக்கிப் பூட்டி, எஞ்சிய துளிகளை ஊற்றி இழுத்தார். ஓடியது. மண்ணெண்ணெய்க்கு மாறியும் ஓடியது. நண்பகலுக்குள் பாதிப் பாத்திகளுக்கே தண்ணீர் போயிற்று. மற்றப் பாதி அந்த வெயிலோடு முடிந்தது.

"அப்ப என்னதான் பிழை?" பங்குக்காரர் விடவில்லை.

"என்ரை கைப்பிழைதான். போன கிழமை பூட்டேக்கை கவனிக்கேல்லை."

என் மனம் ஆறியது. தம் பிழையை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நம்பினேன். அந்தப் புத்தகம் பெற்றோலில் ஓடும் இயந்திரத்துக்கு எழுதப்பட்டது, மண்ணெண்ணெய்க்கு இடைவெளி குறையவேண்டும் என்பதோ, அந்தக் கீறலை அவர் தடவியது எதற்கு என்பதோ எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த போகத்திலிருந்து பலர் தம் இயந்திரங்களை வேறொருவரிடம் கொண்டுபோனார்கள். மாமாவுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது பிழை. பொயின்றை அகட்டியவன் நான்.