வேப்பிலை கட்டிய கடைசி வீடு

“எங்கம்மா கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன். நான் செத்தா வாய்க்கரிசிகூட அந்தம்மா போடக் கூடாது. மாரியாத்தா மேல சத்தியம்!”

சிந்துஜா இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட இடம் மலேசியாவில் ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தின் மாரியம்மன் கோயில். சந்தர்ப்பம், போன வருடத் திருவிழா அன்னதானம். பக்கத்தில் கிடந்த மைக்கை யாரும் அணைத்து வைக்காததால், தோட்டம் மட்டுமல்லாமல் பெரிய சாலையில் போன காடிகளும் பஸ்களும் அதைக் கேட்டுப் பயன்பெற்றன.

காரணம் சின்னது. சாம்பார் வாளியோடு வரிசையில் வந்த மயிலம்மாள், சேலை கட்டி உட்கார்ந்திருந்த தன் பிள்ளையின் இலைக்கு முன்னால் நின்றாள். இலையைப் பார்த்தாள். அடுத்த இலைக்குப் போய்விட்டாள். பெற்ற பிள்ளையைத் தாண்டிப் போக அரை எட்டு போதும் என்பது அன்று ஊருக்குத் தெரிந்தது.

சிந்துஜா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறாள். பனங்குலைகளை ஏற்றிக்கொண்டு, மழையில் குழம்பிய மண்பாதையில், ஆண்கள் சாமி கும்பிட்டுக்கொண்டு இறங்கும் சரிவில் ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்து இறங்குவாள். அவள் சேலையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அவள் லோரியைப் பார்த்துச் சுளித்ததில்லை. ரந்தாவ் பசாருக்கு ஓசியில் தொற்றிக்கொள்ளும்போது கலாச்சாரம் கெடுவதில்லை போலும். அவள் இருப்பது தொழிலாளர் லயவரிசையின் கடைசி வீட்டில்; அம்மா வீடு இரண்டு லயம் தள்ளி. பிரகடனத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் கண்டால் செம்பனை மரங்களை எண்ணத் தொடங்கினார்கள்.

இந்த வருடம் அவள் தாய்லாந்துக்குப் போய், வாலிப வயதிலிருந்து காத்திருந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு பெண்ணாகவே திரும்பினாள். பெண்ணாகத்தான் போனாள் என்பது வேறு விஷயம். உடம்புக்கு இப்போதுதான் தகவல் எட்டியது.

வீடு வந்த பிறகுதான் வேலையே. லோரி டயரின் உள் டியூபில் காற்றடித்து அதன்மேல்தான் உட்கார முடியும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து, டைலேட்டர் என்ற பிளாஸ்டிக் குச்சியைப் புதிதாக உண்டான பாதைக்குள் மெல்லச் செலுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். விட்டால் உடம்பு அதைக் காயம் என்று நினைத்து மூடிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

முதல் வாரங்களில் சிரம்பானிலிருந்து வந்து கூட இருந்தவள் பேபி அக்கா. இதே வழியில் முன்பே நடந்து முடித்தவள்; சலூன் வைத்திருக்கிறாள். “வேளை தவறாதடி. வலிச்சா என்னைத் திட்டு, ஆனா விட்றாத” என்று சொல்லிவிட்டு அவளும் கடையைத் திறக்கப் போய்விட்டாள்.

அவள் போன மறுநாளே தோட்டம் நலம் விசாரிக்கக் கிளம்பியது.

அன்பான ஜனங்கள். கையில் மைலோ பானப்பொடி டின், ஆரஞ்சுப் பழம். பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை அவள் இடுப்புக்குக் கீழேயே வைத்து, “முகம் தெளிவா இருக்கு” என்றார்கள். யாரும் சமைக்கவில்லை. யாரும் வாளித் தண்ணீர் தூக்கிக் கொடுக்கவில்லை. யாரும் எழுந்து போகவுமில்லை. மதிய வேளை தவறியது. மறுநாள் மாலை வேளையும். அதற்கடுத்த முறை டைலேட்டரை எடுத்தபோது பாதி தூரம்கூடப் போகவில்லை; ரத்தம் வந்தது. போனில் நர்ஸ் சொன்னாள்: இன்னும் தவறவிட்டால் மறுபடியும் கத்திதான்.

சிந்துஜா மைலோ டின்களை எடுத்துச் சுவரில் எறிந்தாள். மூன்று நசுங்கின. பாரம் தூக்கக் கூடாது என்பது நினைவு வந்து நிறுத்தினாள்.

விசாரிப்பவர்களில் மகுடம், கோயில் தலைவர் சன்னாசி. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மஞ்சள் கையோடு தினமும் வந்தார். கமிட்டிக்கு ஒரு கொள்கைப் பிரச்சினை.

“தம்பி, ஒடம்பு எப்படி?”

“தங்கச்சின்னு சொன்னா வாய் வெந்துருமா, தலைவரே?”

“அதத்தான்லா கேக்க வந்தேன். பால்குடத்துக்கு நீ ஆம்பள வரிசையா, பொம்பள வரிசையா? முழுசா முடிஞ்சிருச்சா, இன்னும் பாக்கி இருக்கா? கமிட்டிக்குத் தெரியணும்ல.”

“கமிட்டியில எல்லாருக்கும் முழுசா இருக்கான்னு பாத்துட்டீங்களா?”

“கோவப்படாத. நாளைக்கு ரெண்டு கமிட்டி மெம்பரோட வரேன். உக்காந்து பேசி முடிச்சிருவோம்.”

சொன்னபடி மறுநாள் மதியம் பரிவாரத்தோடு வந்தார். உள்ளே சிந்துஜா அறைக்கதவைச் சாத்தப் போன நேரம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு, “நாசமாப் போங்கடா!” என்று கத்தியபடி டியூபைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தலைவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நிலைப்படியில் ஒரு பெரிய வேப்பிலைக் கொத்து. அதைக் கட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள் மயிலம்மாள். பக்கத்தில் மூடி போட்ட சட்டி.

“என்ன மயிலு இது?”

“தீட்டு வீடு. பிள்ள பத்தியத்துல கெடக்கு. காப்புக் கட்டுன கையோட உள்ள வராதீங்க.”

“பத்தியமா? இங்க யாரு பிள்ள பெத்தா?”

“கீழ ஆப்பரேசன். ரத்தம் போவுது. பொம்பளப் பிள்ளைக்குத் தீட்டு இல்லாம என்ன? இல்லன்னு நெனச்சா உள்ள வாங்க, ஒரு வாய் சோறு சாப்பிடுங்க. அப்புறமா போய்க் கரகத்தத் தொடுங்க. ஆத்தா பாத்துக்குவா.”

சன்னாசி காப்பைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். கமிட்டி மெம்பர்கள் ஏற்கெனவே மோட்டாரில் ஏறிவிட்டார்கள்.

“தீட்டு வீட்டுல நொழஞ்சா இந்த வருசம் நீயும் கோயிலுக்கு வர முடியாது, தெரியும்ல? அன்னதானத்துல சாம்பார் யாரு ஊத்துவா?”

“நீங்க ஊத்துங்க.”

தலைவர் பின்வாங்கினார். கூட்டம் கூடாமலே, வாக்கெடுப்பு இல்லாமலே, சிந்துஜா பெண்தான் என்று கோயில் நிர்வாகம் ஏகமனதாக முடிவெடுத்த சரித்திரம் இது.

மயிலம்மாள் உள்ளே வந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் சட்டியைத் திறந்தாள். சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. பிள்ளை பெற்ற மகளுக்குத் தாய்வீட்டில் ஆக்கிப் போடும் அத்தனையும். அவளுக்குத் தெரிந்த ஆப்பரேசன் பத்தியம் அது ஒன்றுதான்.

“சூடா சாப்பிடு. தண்ணி நெறையக் குடிக்காத. பத்தியத்துக்கு ஆவாது.”

“டாக்டர் நெறையக் குடிக்கச் சொல்லியிருக்காரு.”

“அவரா பெத்தாரு?”

“நீ பெத்தியா?” சிந்துஜாவின் குரல் ஓட்டுக்கூரையை முட்டியது. “பெத்தவளா எலையத் தாண்டிப் போன?”

“வாளியில சாம்பாரு தீந்துருச்சு அன்னிக்கு.”

“பொய்! அடுத்த எலைக்கு ஊத்துன. ரெண்டு கரண்டி. நான் பாத்தேன்.”

மயிலம்மாள் சட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“ஆமா. ஊத்துனேன்.”

மன்னிப்புக் கேட்கவில்லை. அழவில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். “என்னமோ செய்யணுமாமே, வேளைக்கு. பேபி போன் பண்ணுச்சு. கதவச் சாத்திட்டுச் செய்யி. நான் இங்க உக்காந்திருக்கேன், எவன் வாரான்னு பாக்குறேன்.”

சிந்துஜா கதவை வேண்டுமென்றே ஓங்கிச் சாத்தினாள். படுத்தாள். வலி உயிரை வாங்கியது. சுவரைக் குத்தினாள், அம்மாவைத் திட்டினாள், சன்னாசியின் பரம்பரையைத் திட்டினாள். வெளியே ஏதோ மைலோ டின் வந்து, “தீட்டு, போயிட்டு வா” என்ற குரலைக் கேட்டுத் திரும்பிப் போனது. உள்ளே டைலேட்டர் மெல்ல மெல்ல, முழுத் தூரமும் போனது.

முடித்துக் கழுவிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது சோறு ஆறியிருந்தது. டியூபில் உட்கார்ந்து, கோபம் குறையாமலே தின்றாள். புட்டில் உப்பு கூட என்றாள். மயிலம்மாள் இன்னொரு கை புட்டை அள்ளி வைத்தாள். கோயில் பக்கம் யாரோ மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ” என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

விக்கல் எடுத்தது. தண்ணீர் ஜாடி அம்மாவின் பக்கத்தில் இருந்தது. சிந்துஜா அதையும் பார்த்தாள், கதவையும் பார்த்தாள். பிறகு காலி டம்ளரை நீட்டினாள்.

மயிலம்மாள் பத்தியத்தை மறந்து விளிம்பு வரை ஊற்றினாள். சிந்துஜா குடித்துவிட்டு, மறுபடியும் நீட்டினாள்.